மைனஸ் 70 பெட்டி, மைனஸ் 40 வேலை

பொருட்களைச் செயற்கைக் குளிரிலும் சூட்டிலும் வைத்துச் சோதிக்கிற பெட்டிதான் டெம்பரேச்சர் சேம்பர். அதற்கு நான்கு கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்டுப் பாருங்கள். நான்கிலும் ஒரே வரிகள்தான் இருக்கும். மைனஸ் 40 முதல் 180 டிகிரி வரை, கண்ட்ரோல் பிளஸ் ஆர் மைனஸ் அரை டிகிரி, நிமிடத்துக்கு 3 டிகிரி ஏற்ற இறக்கம், ஈரப்பதம் 20 முதல் 98 சதவீதம். விலை மட்டும்தான் மாறும். பர்சேஸில் இருப்பவர் குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போடுவதில் குற்றமே இல்லை. தாளில் வித்தியாசம் தெரிந்தால்தானே அவர் யோசிப்பார்? ஆனால் அந்த எண்கள் பெரும்பாலும் காலிப் பெட்டியில், 25 டிகிரியை ஒட்டிய அறையில் எடுத்தவை. நாம் பெட்டியைக் காலியாக ஓட்டப் போவதில்லை. சென்னையில் மே மாதம் எந்த ஷெட்டும் 25 டிகிரியில் இருக்காது.

அம்பத்தூர் பக்கம் இருசக்கர வாகனங்களுக்கு மீட்டர் கிளஸ்டர், பேட்டரி சார்ஜர், டிசி-டிசி கன்வர்ட்டர் செய்கிற ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் லேபில் இருக்கிறேன். எங்களிடம் மூன்று சேம்பர்கள் பல வருடங்களாக ஓடுகின்றன. ஒன்று, மைனஸ் 40 வரை போகிற, ஒரே கட்டமாகக் குளிர்விக்கிற பழைய சிங்கிள் ஸ்டேஜ் பெட்டி. இரண்டாவது, ஈரப்பதத்தோடு கூடிய 1000 லிட்டர் பெட்டி. மூன்றாவது, மைனஸ் 70 வரை போகிற, இரண்டு கட்டமாகக் குளிர்விக்கிற கேஸ்கேட் பெட்டி. மூன்றாவதை வாங்கியபோது மேலே இருந்து வந்த முதல் கேள்வி: "நம்ம ஸ்டாண்டர்டில் மைனஸ் 40-தானே இருக்கு, மைனஸ் 70 எதுக்கு?" நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டி மைனஸ் 70-ஐத் தொட்ட நாட்கள் குறைவு. ஆனாலும் மூன்றில் அதிகம் உழைத்தது அதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

சார்ஜரைச் சும்மா உள்ளே வைத்துக் குளிர்விப்பது ஒரு டெஸ்ட். அதை ஓடவிட்டுக் குளிர்விப்பது வேறு டெஸ்ட். 1000 வாட் வெளியே தருகிற சார்ஜரின் எஃபிஷியன்சி 90 சதவீதம் என்றால், சுமார் 110 வாட் சூடாகப் பெட்டிக்குள் இறங்கும். ஆறு சார்ஜர் ஓடினால் 660 வாட். ஒரு சின்ன ரூம் ஹீட்டரை உள்ளே போட்டுவிட்டு மைனஸ் 40 கேட்கிறோம். சார்ஜர் தருகிற கரண்டைத் தின்கிற லோடு ரெசிஸ்டரையும் உள்ளேயே வைத்தால் ஆறு கிலோவாட்டுக்கு மேல் உள்ளே இறங்கும். எந்தப் பெட்டியும் அதற்குத் தாங்காது. அந்த ரெசிஸ்டர் தொகுப்பு, அதாவது லோடு பேங்க், எப்போதும் வெளியே, கேபிள் மட்டும் போர்ட் வழியாக உள்ளே.

சிங்கிள் ஸ்டேஜ் மெஷின் இங்கேதான் திணறுகிறது. எங்கள் பழைய பெட்டியில் குளிர்விக்கும் வேலை செய்வது ஆர்-404ஏ என்கிற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கொதிப்பது ஏறக்குறைய மைனஸ் 46 டிகிரியில். பெட்டிக்குள் காற்று மைனஸ் 40-க்கு வர வேண்டுமென்றால் அந்தக் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயில் அதைவிடப் பல டிகிரி கீழே இருக்க வேண்டும். அந்த நிலையில் சக்‌ஷன் அழுத்தம், அதாவது கம்ப்ரஸர் கேஸை இழுக்கிற பக்கத்து அழுத்தம், வெளிக்காற்றின் அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். கேஸ் மெலிந்துவிடும், கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கிற கேஸின் எடை குறைவு, அது சுமந்து வருகிற சூடும் குறைவு. பூஜ்ஜியம் டிகிரியில் தாராளமாக கிலோவாட் கணக்கில் சூட்டை எடுக்கிற அதே மெஷின், மைனஸ் 40-இல் சில நூறு வாட்டுக்கே முனகும். காலிப் பெட்டி மைனஸ் 40-ஐத் தொடும், பொய் இல்லை. நம் சார்ஜரை ஆன் செய்த பத்தாவது நிமிடம் டிஸ்ப்ளே மைனஸ் 36 என்று காட்டும். சர்வீஸுக்கு வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "காலிப் பெட்டியில போகுது பாருங்க சார்" என்று கதவைத் திறந்து பொருளை வெளியே எடுக்கச் சொல்வார்.

கேஸ்கேட் மெஷினில் இரண்டு கம்ப்ரஸர். மேல் ஸ்டேஜ் கீழ் ஸ்டேஜைக் குளிர்விக்கும்; கீழ் ஸ்டேஜ் பெட்டியைக் குளிர்விக்கும். கீழே வழக்கமாக இருப்பது ஆர்-23. அதன் கொதிநிலை மைனஸ் 82. அதனால் மைனஸ் 40 அதற்கு எல்லை இல்லை, நடுவழி. அங்கே அதனிடம் தெம்பு மிச்சம் இருக்கும். எங்கள் மைனஸ் 70 பெட்டி மைனஸ் 40-இல் ஆறு சார்ஜரையும் ஓடவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதற்குக் கொடுத்த கூடுதல் பணம் இதற்காகத்தான்.

அப்படியானால் எல்லோரும் கேஸ்கேட் வாங்க வேண்டுமா? வேண்டாம். உங்கள் பொருள் ஆஃப் நிலையில் மட்டும் குளிரில் கிடந்தால் போதும் என்றால், அல்லது ஒரு கிளஸ்டர் மாதிரி சில வாட் மட்டுமே எடுக்கும் என்றால், நல்ல சிங்கிள் ஸ்டேஜ் போதும். கேஸ்கேட்டுக்கு அதற்கே உரிய தலைவலிகள் உண்டு. ஆர்-23-இன் கிரிட்டிகல் டெம்பரேச்சர், அதாவது அதற்கு மேல் போனால் கேஸைத் திரவமாக்க முடியாத எல்லை, 26 டிகிரிதான். நம் ஊரில் மெஷின் நின்றிருக்கும்போது அது எந்த அழுத்தத்திலும் திரவமாகவே இருக்காது. அதனால்தான் பின்பக்கம் விரிந்த கேஸுக்கு இடம் கொடுக்க ஒரு எக்ஸ்பேன்ஷன் டேங்க் நிற்கிறது, அதனால்தான் முதலில் மேல் ஸ்டேஜ் ஓடிக் குளிர்வித்த பிறகே கீழ் ஸ்டேஜ் ஆன் ஆகும். லீக் வந்தால் கண்டுபிடிப்பதும் சரியான எடையில் மறுபடி ஏற்றுவதும் சாதாரண ஏசி மெக்கானிக் செய்கிற வேலை இல்லை. கேஸ் விலையும் கையைச் சுடும். புவி வெப்பமாக்கும் திறனில் ஆர்-23 கார்பன் டை ஆக்ஸைடைப் போல 14,800 மடங்கு என்கிற கணக்கு ஒரு பக்கம். கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா, ஆர்-23, ஆர்-404ஏ மாதிரியான ஹெச்எஃப்சி கேஸ்களின் பயன்பாட்டை 2028-இல் உறையவைத்து 2032 முதல் குறைக்க ஒப்புக்கொண்டிருப்பது இன்னொரு பக்கம். இன்று வாங்குகிற சேம்பர் பதினைந்து வருடமாவது ஓட வேண்டிய பொருள். எந்த கேஸ், எத்தனை கிலோ, மாற்று கேஸ் போட முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பனையாளரிடம் நாங்கள் இப்போது கேட்பது இதுதான்: உங்கள் மெஷின் எந்த டெம்பரேச்சரில் எத்தனை வாட் எடுக்கும் என்ற வரைபடம் கொடுங்கள். எஸ்பெக், வைஸ், பைண்டர் மாதிரி வெளிநாட்டு மெஷினாக இருந்தாலும் சரி, பெங்களூரிலோ புனேயிலோ செய்ததாக இருந்தாலும் சரி, இந்தக் கேள்வி ஒன்றுதான். வரைபடம் வந்தால் அவர்கள் மெஷினை அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். "போகும் சார், நூறு சதவீதம் போகும்" என்று போனில் பதில் வந்தால் அதற்கும் பொருள் உண்டு. டெலிவரிக்கு முன் அவர்கள் தொழிற்சாலையிலேயே, உள்ளே ஒரு அலுமினியக் கட்டியும் நம் பொருளின் வாட் அளவுக்கு ஒரு ஹீட்டரும் வைத்து, மைனஸ் 40-இல் சில மணி நேரம் நிறுத்திக் காட்டச் சொல்கிறோம். லோடு வைத்து அளப்பதற்கென்றே ஐஇசி என்கிற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பின் ஐஇசி 60068-3-7 என்று ஒரு ஆவணம் இருக்கிறது. பர்சேஸ் ஆர்டரில் அந்த எண்ணை எழுதிவிட்டால் அப்புறம் வாக்குவாதம் இல்லை.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 15 டிகிரி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. முதலில் உங்கள் டெஸ்ட் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஐஇசி 60068-2-14-இல், குறிப்பிட்ட வேகத்தில் டெம்பரேச்சரை ஏற்றி இறக்குகிற என்பி டெஸ்டில் 1, 3, 5, 10, 15 என்று வேகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் வாடிக்கையாளர்களில் அதிகம் பேர் கேட்பது 3 அல்லது 5. என்ஏ டெஸ்ட் என்றால் அது திடீர் மாற்றம். அதற்கு இரண்டு அறை கொண்ட தெர்மல் ஷாக் சேம்பர்தான் சரி. ஒற்றைப் பெட்டியை எவ்வளவு வேகமாக வாங்கினாலும் அந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று, ஐஇசி 60068-3-5 முறையில் வேகத்தைக் கணக்கிடுவது முழு வீச்சின் 10 முதல் 90 சதவீதத்துக்கு இடையில். கடைசிப் பத்து சதவீதத்தில்தான் மெஷின் மூச்சு வாங்கும், அது கணக்கில் வராது. அதுவும் காற்றின் வேகம். தடித்த ஹீட் சிங்க் உள்ள சார்ஜரின் நடுப்பகுதிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர அரை மணி, முக்கால் மணி ஆகும். பொருளின் மேலேயே தெர்மோகப்பிள் என்கிற டெம்பரேச்சர் சென்சர் ஒன்றை ஒட்டி, அது நிலைக்கு வந்த பிறகே சோக் டைமை, அதாவது பொருள் அந்த டெம்பரேச்சரில் இருக்க வேண்டிய நேரத்தை, எண்ண ஆரம்பிக்கிறோம். பொருளின் சென்சரை வைத்தே மெஷினை ஓட்டுகிற வசதி கண்ட்ரோலரில் உண்டா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அது ஆப்ஷன் என்ற பெயரில் தனி விலையில் வரும்.

அறைக்கு வருவோம். ஏர் கூல்டு கண்டென்சர், அதாவது சூட்டைக் காற்றில் விடுகிற பாகம், உள்ள சேம்பர், உள்ளே எடுத்த சூட்டையும் தன் கம்ப்ரஸர் தின்ற கரண்டையும் சேர்த்து அறைக்குள்ளேயே கொட்டும். அப்படி இரண்டு பெட்டி ஒரே அறையில் நின்றால் மார்ச் மாதத்திலேயே அறை 40-ஐத் தாண்டும். அப்புறம் கேஸ் அழுத்தம் எகிறி, மெஷினை நிறுத்துகிற ஹை பிரஷர் கட்-அவுட் டிரிப் ஆகும். அதுவும் சனிக்கிழமை ராத்திரி. ரீசெட் பொத்தான் பின் பேனலுக்குள்ளே இருக்கும். வாட்டர் கூல்டு எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கூலிங் டவர் வேண்டும், அதில் ஓடுவது எங்கள் பகுதி போர் தண்ணீர். கடின நீரில் கண்டென்சருக்குள் உப்பு படிந்தால் மறுபடியும் அதே ஹை பிரஷர். நாங்கள் ஏர் கூல்டையே வைத்துக்கொண்டு, பின்னால் சுவரை உடைத்து டக்ட் போட்டுச் சூட்டை வெளியே தள்ளுகிறோம். எனக்கு இதுவே நிம்மதி. உங்களிடம் ஏற்கெனவே சாஃப்ட்னரோடு நல்ல சில்லர் லைன் இருந்தால் வாட்டர் கூல்டு எடுங்கள்.

சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் இன்னொரு செலவு. மைனஸ் 20-இல் ஓடும்போது கதவை ஒரு தடவை திறந்தால் போதும், வெளிக்காற்று உள்ளே பாய்ந்து காயில் மேல் வெள்ளையாக உறையும். இரண்டு மூன்று நாள் டெஸ்டில் அது வளர்ந்து காற்றோட்டத்தை அடைக்கும். ஃபேன் ஓடும், டெம்பரேச்சர் மட்டும் மெல்ல மேலே ஏறும். அதனால் சைக்கிளை எப்போதும் சூட்டுப் பக்கத்தில் ஆரம்பித்து உள்ளே இருக்கிற ஈரத்தை ஓட்டிவிட்டுத்தான் குளிருக்குப் போகிறோம். உலர்ந்த காற்றை உள்ளே செலுத்துகிற டிரை ஏர் பர்ஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஆப்ஷன் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யலாம் என்றால் எனக்கு அது ஒன்றுதான்.

ஈரப்பதம் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 85 டிகிரி, 85 சதவீதம், 1000 மணி நேரம் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கு மனப்பாடம். ஆயிரம் மணி என்றால் கிட்டத்தட்ட 42 நாள். அந்த 42 நாளும் டெஸ்டின் உயிர் ஒரு சின்னத் துணித் திரியில் தொங்குகிறது. எங்கள் 1000 லிட்டர் பெட்டி பழைய முறை: ஒரு சென்சர் உலர்ந்து இருக்கும், இன்னொன்றின் மேல் நனைந்த பருத்தித் திரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஈரப்பதத்தைக் கணக்கிடும். 85/85-இல் அந்த வித்தியாசம் சுமார் 4 டிகிரிதான். அதில் ஒரு டிகிரி பிசகினால் ஈரப்பதம் மூன்றரை சதவீதம் போய்விடும்.

திரி அழுக்கானாலோ நுனி காய்ந்தாலோ ஆவியாவது குறையும். ஈர சென்சர் இருக்க வேண்டியதைவிடச் சூடாகக் காட்டும். மெஷின் "ஈரம் அதிகம்" என்று நினைத்து நீராவியைக் குறைக்கும். டிஸ்ப்ளேயில் 85 என்று அழகாக நிற்கும். உள்ளே 78-ஓ 75-ஓ இருக்கும். பொருள் பாஸாகிவிடும். இதுதான் பயமே, அலாரம் அடிக்காத கோளாறு இது. எங்கள் லேபில் பழைய டெக்னீஷியன் ஒருவர் புதிதாக வந்த பையனுக்குத் திரி மாற்றக் கற்றுக்கொடுப்பதைப் பார்ப்பேன். புதுத் திரியைக் கஞ்சி போகச் சுத்தமான தண்ணீரில் கொதிக்க வைப்பார். "கையால தொடாத தம்பி, விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டா தண்ணி ஏறாது" என்று டுவீசர் எடுத்துக் கொடுப்பார். சென்சர் மேல் சுருக்கமில்லாமல் போட்டு, அடியில் தொட்டியில் மூழ்கும் நீளம் விட்டு, நுனி வரை ஈரம் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவார். ஒவ்வொரு நீண்ட டெஸ்டுக்கு முன்பும் இது நடக்கும், ரிப்போர்ட்டில் தேதி போடுவோம்.

திரி வேண்டாம், ஈரப்பதத்தை நேரடியாக அளக்கிற கெபாசிடிவ் சென்சர் உள்ள மெஷின் வாங்குகிறேன் என்றால் பராமரிப்பு குறையும், உண்மைதான். ஆனால் சூட்டில் பிளாஸ்டிக்கும் பசையும் விடுகிற ஆவி அந்த சென்சரில் ஏறி அதன் அளவு மெல்லப் பிசகும். நீர் கோத்தால் இன்னும் மோசம். குறைந்த ஈரப்பதம் அளக்க அது நல்லது. 85/85-க்கு என் ஓட்டு திரிக்குத்தான்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீராவி பாய்லரின் ஹீட்டரை ஒரு வருடம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். உப்புகள் நீக்கிய டிஎம் தண்ணீரைக் கேனில் வாங்கி ஊற்றுகிறோம். அதோடு தரையில் டிரெயின் இருக்கிற இடமாகப் பார்த்து மெஷினை நிறுத்துங்கள். லேபின் நடுவில் வாளி வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்காது.

கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதை டெமோவிலேயே பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா, அப்படியே நின்று ஆள் வரும்வரை காத்திருக்குமா? மூன்றையும் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும்போது ஃபேஸ் வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றும், ஆகவே வரிசை மாறினால் மெஷினை ஓடவிடாமல் தடுக்கிற ஃபேஸ் ரிலே கட்டாயம். எத்தனை நிமிடம் கரண்ட் இல்லை, அந்த நேரத்தில் உள்ளே டெம்பரேச்சர் எங்கே போனது என்று லாகில் பதிவாக வேண்டும். ஆடிட்டர் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

லித்தியம் பேட்டரி பற்றி ஒரு வரி. இந்திய மின்வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 ஸ்டாண்டர்டில் உள்ள தெர்மல் ஷாக் டெஸ்ட் பார்க்க எளிது: 60 டிகிரியில் ஆறு மணி, மைனஸ் 40-இல் ஆறு மணி, ஐந்து சுற்று. ஆனால் பேட்டரியைச் சாதாரண சேம்பரில் வைக்காதீர்கள். பிரஷர் ரிலீஃப், கேஸ் டிடெக்டர், கதவுப் பூட்டு, தீயணைப்பு எல்லாம் உள்ள பெட்டி தனி ரகம், தனி விலை. நாங்கள் பேட்டரி பேக் வந்தால் அதற்கான வசதியுள்ள வெளி லேபுக்கு அனுப்பிவிடுகிறோம்.

காலிபரேஷனில் நடக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. கண்ட்ரோலரின் சென்சருக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சென்சரை வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் மூலையில் இருக்கிற பொருளுக்கு ஒரு பயனும் இல்லை. எட்டு மூலை, ஒரு நடு என்று ஒன்பது இடத்தில் அளக்கிற மேப்பிங் கேளுங்கள். செய்கிற லேபுக்கு அந்த வேலைக்கே, லேப்களுக்கு அங்கீகாரம் தருகிற இந்திய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் ஸ்கோப்பில், அதாவது அங்கீகாரம் பெற்ற வேலைகளின் பட்டியலில், பாருங்கள். கொட்டேஷனில் இருக்கிற அரை டிகிரி என்பது ஒரே இடத்தில் நேரத்தோடு ஆடும் ஆட்டம். இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் 2 டிகிரி வரை இருக்கலாம், அது வேறு வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். 85/85-இல் ஒரு மூலை ஒரு டிகிரி குறைந்தாலே அங்கே ஈரப்பதம் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடிவிடும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக சர்வீஸ். எங்கள் பெட்டிகளில் ஒன்றின் கண்ட்ரோலர் பாராமீட்டர் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டு விற்றிருந்தார்கள். டெம்பரேச்சரை நிலைநிறுத்துகிற சாதாரண பிஐடி மதிப்பை மாற்றக்கூட அவர்கள் ஆள் வர வேண்டும். அவர் வேறு மாநிலத்திலிருந்து வர வேண்டும். வருகைக்குத் தனிக் கட்டணம். வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தமான ஏஎம்சி இருந்தும் இதே கதைதான். பிறகு அந்த கண்ட்ரோலர் மாடலே தயாரிப்பில் இல்லை என்றார்கள். இப்போது ஆர்டர் போடும்போதே பாஸ்வேர்டு, சர்க்யூட் டிராயிங், கேஸ் லைன் வரைபடம், கம்ப்ரஸரின் மாடல் எண் எல்லாவற்றையும் டெலிவரியோடு கேட்டு, வராவிட்டால் கடைசித் தவணையை நிறுத்துகிறோம். கம்ப்ரஸர், எக்ஸ்பேன்ஷன் வால்வு, சாலிட்ஸ்டேட் ரிலே எல்லாம் உள்ளூரில் கிடைக்கிற பிராண்டாக இருந்தால் பாதிக் கவலை போச்சு. கதவு காஸ்கெட் ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள். குளிரில் ஒட்டிக்கொண்டு கிழிவது அதுதான், அவசரத்துக்குக் கிடைக்காததும் அதுதான்.

அளவு பற்றிக் கேட்டால், ஒரு 1000 லிட்டருக்குப் பதில் இரண்டு 400 லிட்டர் வாங்கியிருக்கலாம் என்று எங்கள் லேபில் எல்லோருமே சொல்வோம். பெரிய பெட்டியில் ஒரு கிளஸ்டருக்கு 85/85 ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வாடிக்கையாளரின் பொருள் 42 நாள் வாசலில் காத்திருக்கும். அடுத்த வருட பட்ஜெட்டில் 400 லிட்டர் ஒன்று போட்டிருக்கிறோம். ஈரப்பதத்தோடு, கேஸ்கேட், கேபிள் போர்ட் இடது பக்கம். வலது பக்கம் தூண் இருக்கிறது.